கட்டைவிரல் எட்டும் தூரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்பவரும் உள்ளே வரலாம். என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. கையில் இருக்கும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அதைப் பற்றித்தான் ஒரு கதை சொல்லப் போகிறேன். காதில் விழுந்தால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

போனுக்குள் ஓடுகிற ஆப்களை எழுதும் ஒருத்தி இருந்தாள். அவள் எழுதிய ஆப், டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்வதற்கானது. எந்த டாக்டர், எந்த நாள், எந்த நேரம் என்று திரை திரையாகத் தொட்டுக்கொண்டே போனால், கடைசித் திரையில் ‘உறுதி செய்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் போன் லேசாக அதிர்ந்து ‘டிங்’ என்று சொல்லும். அந்த நேரம் உங்களுக்கு என்று அர்த்தம்.

அந்த டிங்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பை முதல் வரியிலிருந்து வளர்த்தவள் அவள். வயிறு பெரிதாகி, மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே இடம் போதாமல் போன நாள் வரை அதோடுதான் இருந்தாள். பிறகு பிரசவ விடுப்பு. விடுப்பு முடிந்து வந்தபோது ஆப் அப்படியேதான் இருந்தது. அவளுக்குத்தான் ஒரு கை குறைந்திருந்தது. இடது கையில் குழந்தை.

வீடு மாடியில். சாப்பாட்டு மேசையே அலுவலகம். மேசைக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம். அது சுழலும்போது கணினித் திரையும் சேர்ந்து நடுங்கும். கணவன் ரொட்டிக் கடையில் அடுப்புப் பொறுப்பில் இருப்பவன். விடிவதற்கு முன் போய், மத்தியானம் புருவமெல்லாம் மாவோடு திரும்புவான். குழந்தைக்கு அவன் வைத்த பெயர் ‘மொதலாளி’. வீட்டில் யார் எப்போது எழுந்திருப்பது, எப்போது சாப்பிடுவது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. பிறகு வேறு என்னவென்று கூப்பிடுவது என்பான்.

வேலைக்குத் திரும்பிய அன்றே மேலாளர் தெளிவாகப் பேசிவிட்டார்.

“வீட்டிலேர்ந்தே வேலை பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா காலை மீட்டிங் நேரத்துல குழந்தையைப் பார்த்துக்க வேற ஆள் இருக்கணும். இருக்காங்கதானே?”

“இருக்காங்க, மேடம்.”

சொன்ன அன்று அது உண்மைதான். கீழ் வீட்டு அம்மாள் காலையில் வந்து பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அம்மாளுக்கே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். உண்மை தானாகவே பொய்யாக மாறிவிட்டது. இவள் அதைத் திருத்தவில்லை. கேமராவைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தாள். கழுத்துக்கு மேலே மீட்டிங், கழுத்துக்குக் கீழே தாலாட்டு.

“கழுத்து வலியா அக்கா? ஆடிக்கிட்டே இருக்கீங்க” என்று ஒருநாள் ‘ஈ’ கேட்டான். ஈ என்பவன் அங்கே ஆப்களைச் சோதித்துப் பார்ப்பவன். எங்கே அழுக்கு இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவான் என்று அலுவலகமே சேர்ந்து வைத்த பெயர். அவனுக்கும் அதில் பெருமைதான்.

“ஆமா, கொஞ்சம் பிடிச்சிருக்கு” என்றாள். அந்தப் பிடி அவள் தலைமுடியை இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் ஆப்புக்கு ஒரு வியாதி வந்திருந்தது. கடைசித் திரை வரை வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டனை அமுக்காமலே போய்விடுகிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டனைப் பச்சையிலிருந்து நீலமாக்கினார்கள். எழுத்தைப் பெரிதாக்கினார்கள். “ஜனங்களுக்கு டாக்டர்னாலே பயம், கடைசி நிமிஷத்துல ஓடிடறாங்க” என்று ஒருவர் கண்டுபிடித்தார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. இடது தோளில் அதைப் போட்டுக்கொண்டு, வலது கையால் தன்னுடைய ஆப்பையே திறந்தாள். டாக்டர், நாள், நேரம் எல்லாம் சரியாகப் போனது. கடைசித் திரையில் பட்டன் மேலே, ஓரத்தில் இருந்தது. கட்டைவிரல் எட்டவில்லை. விரலை நீட்டிப் பார்த்தாள், போன் கையில் புரண்டது. இன்னும் நீட்டினாள், நழுவித் தரையில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. போனை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

இத்தனை காலமும் அந்த ஆப்பை அவள் இரண்டு கையாலும் புத்தகம் பிடிக்கிற மாதிரி பிடித்துத்தான் பார்த்திருக்கிறாள். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான். டாக்டரைத் தேடுகிறவர்களிடம் இரண்டாவது கை சும்மா இருக்காது. அதில் குழந்தை இருக்கும், இல்லையென்றால் வயசான அம்மாவின் முழங்கை இருக்கும்.

பட்டனைக் கீழே, கட்டைவிரல் தானாக வந்து விழும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். மீட்டிங்கில் காட்டினாள். மேலாளர் உடனே தலையாட்டுகிற ஆள் இல்லை.

“சரி, வெள்ளிக்கிழமை ரிலீஸ்ல இது போகட்டும். போகலைன்னா கடைசித் திரையை மின்னல் எடுத்துக்குவார். நீங்க பழைய ஆப் பக்கம் போயிடுங்க.”

மின்னல் என்பவர், அவள் விடுப்பில் இருந்தபோது அவள் வேலையைப் பார்த்தவர், கை வேகம். பழைய ஆப் என்பது பழைய போன்களுக்கென்று விட்டுவைத்திருந்த ஒன்று. எங்கே ஒழுகுகிறதோ அங்கே அடைக்க வேண்டும், அவ்வளவுதான். கௌரவமான வேலை. ஆனால் அங்கே போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. ஆக, அந்தத் திரை தன் கையில் இருக்க வேண்டும், பட்டன் கீழே இருக்க வேண்டும் என்ற இந்த இரண்டும்தான் அப்போது அவள் உலகம். குழந்தை போக மிச்சமிருந்த உலகம்.

இனி, அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கதை நடக்காது. எழுதிய ஆப்பை அவர்கள் நேரே ஊர் ஜனங்களிடம் விடமாட்டார்கள். ஒத்திகை செர்வர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் இருப்பதெல்லாம் பொம்மை டாக்டர்கள், பொம்மை நேரங்கள்; எத்தனை முறை அமுக்கினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நிஜ செர்வர் வேறு. குழப்பம் வரக்கூடாது என்று, ஒத்திகையில் இருக்கும்போது திரையின் மேலே ஒரு ஆரஞ்சுப் பட்டை தெரியும்படி செய்திருந்தாள். அதோடு தன் வசதிக்கு ஒரு குறுக்கு வழியும் வைத்திருந்தாள்: ஒருமுறை உறுதி செய்தால் ஆப் மறுபடி முதல் திரைக்குப் போகாது, அடுத்த காலி நேரத்தைத் தானே எடுத்துக்கொண்டு அதே கடைசித் திரையில் வந்து நிற்கும். நோயாளியின் பெயர் கேட்கும் இடத்தில் ‘மாதிரி ஆள்’ என்று தானே நிரப்பிக்கொள்ளும். பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்கிறவளுக்கு இது பெரிய உபகாரம்.

ரிலீஸுக்கு முந்தின நாள் காலை மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. புதுத் திரையின் படம் வேண்டும், பொம்மை டாக்டர்கள் இல்லாமல், பார்க்க லட்சணமாக. சரியென்று ஆப்பை நிஜ செர்வருக்குத் திருப்பினாள். ஆரஞ்சுப் பட்டையை எடுத்தாள். படம் பிடித்தாள், அனுப்பினாள். எல்லாம் ஒற்றைக் கையால். திரும்ப ஒத்திகைக்கு மாற்ற விரல் போகும்போது, இடது கையில் ஈரம் இறங்கியது. மொதலாளி தன் வேலையை முடித்திருந்தார்.

போனைத் தரைவிரிப்பில் வைத்தாள். டயப்பரை மாற்றினாள். கை கழுவும்போதே கணினியில் மீட்டிங் மணி அடித்தது. குழந்தையை விரிப்பில் குப்புறப் போட்டுவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தாள்.

விரிப்பில் போன் திரை எரிந்தபடி கிடந்தது. சோதிக்கிற போனைத் திரை அணையாதபடி வைத்திருப்பது அவர்கள் பழக்கம். குழந்தை தவழ்ந்து போகவில்லை, நீந்திப் போனது. கையை ஓங்கி ஓர் அறை விட்டது. பட்டன்தான் யாருக்கும் எட்டும்படி கீழே இருக்கிறதே.

டிங்.

குழந்தை அசந்து போயிற்று. உலகத்தில் இதுவரை அது தட்டிய எதுவும் இப்படி மரியாதையாகப் பதில் சொன்னதில்லை. மறுபடி அறைந்தது. டிங். குதிகாலாலும் முயன்று பார்த்தது. டிங். 

அம்மாவுக்கு ஹெட்போனில் மேலாளர் குரல் மட்டும் கேட்டது. கடைக்கண்ணில் குழந்தை விரிப்பை அடித்து அடித்துச் சிரிப்பது தெரிந்தது. இன்றைக்குப் பார்த்து இவ்வளவு சமர்த்தாக இருக்கிறதே என்று உருகிப் போனாள். அன்றைக்குப் போல அவள் என்றைக்கும் நன்றாகப் பேசியதில்லை.

மீட்டிங் முடிந்து போனை எடுத்தாள். எச்சிலைத் துடைத்தாள். ‘காலி நேரம் எதுவும் இல்லை’ என்றது திரை. காய்ச்சல் காலம், டாக்டர்களுக்கு நல்ல கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்தபடியே, ஒத்திகைக்கு மாற்றி ஆரஞ்சுப் பட்டையை மறுபடி ஒட்டினாள்.

மத்தியானத்துக்கு முன்னால் ஈ கூப்பிட்டான்.

“அக்கா, தனியா இருக்கீங்களா?”

“தனியாவா? நான் பாத்ரூமுக்கே துணையோடதான் போறேன். சொல்லு.”

“கிளினிக் வரவேற்புல இருக்கிற அம்மா ஆபீசுக்கு போன் பண்ணினாங்க. குழந்தை டாக்டரோட நேரம் மொத்தமும் ஒரே ஆளு புக் பண்ணியிருக்காராம். பேரு மாதிரி ஆள். ‘அவருக்கு அப்படி என்னங்க வியாதி?’ன்னு கேக்கறாங்க.”

அவள் விரிப்பில் கிடந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க ஒருத்தர் காய்ச்சக்காரப் பிள்ளையைத் தூக்கிட்டு நேரா வந்து சண்டை போட்டிருக்கார், ஆப்ல நேரமே இல்லையேன்னு. அப்புறம் நடுவுல உள்ள விட்டுட்டாங்களாம். எல்லாப் பதிவும் நான் ரத்து பண்ணிட்டேன். ஆனா அக்கா... அதெல்லாம் உங்க போன்லேர்ந்து போயிருக்கு. உங்க கை இவ்வளவு வேகம் கிடையாது. அமுக்கினது யாரு?”

“அது... பல் முளைச்சிட்டிருக்கிற ஒருத்தர்.”

ஈ தொண்டையைச் செருமினான். சிரிப்பை அடக்குகிறானா, யோசிக்கிறானா என்று தெரியவில்லை.

“செர்வர் கோளாறுன்னு எழுதிடட்டுமா? போன் விவரம் என்னைத் தவிர யாரும் பாக்கல. புதுத் திரையாலதான் செர்வர் குழம்பிடுச்சுன்னு நினைச்சு, அதை விட்டுட்டுப் பழசையே வைப்பாங்க. அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“பட்டன் மறுபடி மேல போயிடுமே.”

“போகும்.”

“சாயங்காலம் சொல்றேன், எழுதாத” என்று வைத்துவிட்டாள்.

கணவன் வந்தான். கதையைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மொதலாளி, கிளினிக்கையே வாங்கிட்டீங்களா!” என்று குழந்தையைத் தூக்கிச் சுற்றினான். மாவு பறந்தது. அப்புறம்தான் அவள் சிரிக்கவில்லை என்று பார்த்தான்.

“சொல்லு தாயே. உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?”

“வீட்ல பார்த்துக்க ஆள் இருக்குன்னு சொன்னது பொய்னு தெரிஞ்சிடும். திரையை என்கிட்டேர்ந்து எடுத்துடுவாங்க.”

“சொல்லலைன்னா?”

“திரை என்கிட்ட இருக்கும். பட்டன் பழைய இடத்துக்குப் போயிடும். பட்டனாலதான் வந்தது வினைன்னு நினைப்பாங்க, இனி யாரும் அதைத் தொட மாட்டாங்க.”

“உனக்கு எது வேணும்? பட்டனா, நாற்காலியா?”

“ரெண்டும்.”

“எனக்கும் தூங்கிக்கிட்டே ரொட்டி சுடணும்னு ஆசைதான்” என்றவன், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு துணி காயப்போடப் போனான்.  

அவள் மேசையில் உட்கார்ந்தாள். இரண்டு கையும் காலியாக இருந்தன. பட்டனில் ஒரு சின்ன மாற்றம் செய்தாள்: தட்டினால் போதாது, விரலை அதன் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் பட்டனைச் சுற்றி ஒரு வளையம் நிரம்பும். நிரம்பிய பிறகுதான் டிங். முடித்துவிட்டு, கணவனிடமிருந்து குழந்தையை வாங்கி விரிப்பில் விட்டு, மேலாளரை வீடியோவில் அழைத்தாள். ஈயும் மின்னலும் இன்னும் சிலரும் அங்கே இருந்தார்கள். கிளினிக் விவகாரத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எதுவும் சொல்வதற்கு முன்னால் கேமராவைக் கீழே சாய்த்தாள். விரிப்பும், அதன் மேல் ஒரு குழந்தையும் தெரிந்தன.

“மேடம், கிளினிக் நேரத்தை எல்லாம் அமுக்கினது இவர். நான் நிஜ செர்வர்லேயே விட்டுட்டேன். தப்பு என்னோடது. செர்வர் நல்லாத்தான் இருக்கு.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பார்த்துக்க ஆள் இருக்காங்கன்னு சொன்னீங்களே.”

“முதல்ல இருந்தாங்க. அப்புறம் இல்ல. நான் சொல்லல.”

“மீட்டிங்கை மத்தியானம் வைங்கன்னு என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா வச்சிருப்பீங்களா, மேடம்?”

மேலாளர் உண்மையாகவே யோசித்தார். “தெரியல” என்றார்.

“பட்டனை மட்டும் மேல கொண்டு போயிடாதீங்க. இதைப் பாருங்க” என்று, மாற்றிய ஆப்போடு போனை விரிப்பில் வைத்தாள். இந்தமுறை ஆரஞ்சுப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. பழைய நண்பனைப் பார்த்ததும் குழந்தை நீந்தி வந்தது. அறைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அறைந்தது. குதிகாலைக் கொண்டுவந்தது. வளையம் கொஞ்சம் நிரம்பி நிரம்பி வடிந்தது. உலகம் தன்னை ஏமாற்றிவிட்டது என்று தெரிந்ததும், உதட்டைப் பிதுக்கி, அலுவலகம் அதிரும்படி அழுதது.

“என் வேலைக்கே ஆபத்து வந்துடுச்சு. இதைவிட நல்லா யார் டெஸ்ட் பண்ணுவா?” என்றான் ஈ. இரண்டொருவர் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை, ஆனால் அழுகை அடங்கும்வரை காத்திருந்தார்.

“பட்டன் கீழேயே இருக்கட்டும். இந்த அழுத்திப் பிடிக்கிறதும் நல்லாருக்கு. மின்னல் முடிச்சுக் குடுப்பார், ரெண்டு வாரம் தள்ளி வெளியிடலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க பழைய ஆப்புக்குப் போங்க. கிளினிக்ல நடந்ததுக்காக இல்ல. கை தவறும், எனக்கும் தவறியிருக்கு. ஆள் இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்காக. அந்தக் குழுவுக்கு மீட்டிங் மத்தியானம்தான்.”

தண்டனையா உதவியா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. “சரி மேடம்” என்றாள் இவள். கேமராவை அணைத்தாள். துணி இயந்திரம் சுழன்று, அணைந்த திரையைச் சற்று நேரம் நடுக்கிவிட்டு நின்றது.

பழைய ஆப்பில் நாள்கள் நகர்ந்தன. ஒழுகிய இடங்களை அடைத்தாள். காலையில் குழந்தையோடு தெருவில் நடந்தாள். கணவன் வந்ததும் அதை ஒப்படைத்துவிட்டு மேசைக்குப் போனாள். புதுத் திரை வெளிவந்தது என்று ஈ எழுதியிருந்தான். வெளியீட்டுக் குறிப்பில் மின்னலின் பெயர் இருந்தது. படித்தாள், மூடினாள், குழந்தையின் சட்டையை மடித்து வைத்தாள்.

பிறகு ஒருநாள் அவள் போனுக்கு ஒரு நினைவூட்டல் வந்தது. ‘மாதிரி ஆள் அவர்களுக்கு நாளை காலை குழந்தை மருத்துவரிடம் நேரம் பதிவாகியுள்ளது.’ 

நடந்தது இதுதான்: ஈ ரத்து செய்வதற்கு முன்பே, காய்ச்சல் பிள்ளையை நடுவில் உள்ளே விடுவதற்காக வரவேற்பு அம்மாள் அதில் ஒன்றை மட்டும் கையால் வேறு வாரத்துக்கு மாற்றிவைத்துவிட்டார், அது மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. அதை ரத்து செய்ய விரலை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். இரண்டு நாளாகக் குழந்தை காதைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

“புக் பண்ணினது அவர்தானே, அவரே போய்ட்டு வரட்டும்” என்றான் கணவன். மறுநாள் அவனுக்கு விடுமுறை.

கிளினிக்கில் நாற்காலிகளெல்லாம் நிரம்பியிருந்தன. அவர்களுக்கு எதிரே ஒரு பெண், தோளில் தூங்கும் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். அடுத்த தடவைக்கு இப்போதே நேரம் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது, ஒற்றைக் கையில் போனைப் பிடித்துத் தொட்டுக்கொண்டே போனாள். கட்டைவிரல் கீழே வந்து நின்றது. விரலை நீட்ட வேண்டியிருக்கவில்லை, போன் புரளவில்லை, பிள்ளை அசையவில்லை. வளையம் நிரம்பியது.

டிங்.

மடியில் இருந்த மொதலாளி சடாரென்று திரும்பி, அந்தப் போனை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஆசாமிக்கு ஞாபகம் இருக்கு பாரேன்” என்றான் கணவன். பிறகு மெல்ல, “உனக்கு வருத்தமா?” என்றான்.

அவள் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எட்டுது பாரு” என்றாள்.

வரவேற்பு அம்மாள் எழுந்து நின்று, கையில் இருந்த திரையை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்: “மாதிரி ஆள்! மாதிரி ஆள் யாருங்க?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குழந்தையை இடது கையில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“இதோ, வந்துட்டார்.”

அவ்வளவுதான், கண்ணுகளா. இனி போனை நிமிர்த்திக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் ஒரு கை எப்போதும் யாரையாவது தாங்கிக்கொண்டிருக்கட்டும். மறு கைக்கு வேண்டியதெல்லாம் எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் தட்டுகிற இடமெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லட்டும். நன்றாயிருங்கள்.